22 சென்ட் கூலி, ஏழு லட்சம் டாலர் சம்பளம்: அமெரிக்கத் தொண்டுப் பட்டறைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூன் மாதம் அமெரிக்காவில் சில நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வெளிவந்தன.

முதல் செய்தி ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் வட்டாரத்திலிருந்து. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக அங்கே இயங்கிவந்த 'ட்ரெய்னிங் த்ரூ பிளேஸ்மென்ட்' என்ற லாபநோக்கற்ற பட்டறையை மத்திய அரசின் நீதித்துறை விசாரித்திருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் சராசரிக் கூலி மணிக்கு 1.57 டாலர். ஒருவர் மணிக்கு 14 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செய்தியை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. பழைய துணிமணி, பாத்திரபண்டங்களை நன்கொடையாகப் பெற்று விற்கும் குட்வில் கடைகளை அமெரிக்காவில் தெரியாதவர் கிடையாது. அந்த குட்வில், பென்சில்வேனியாவில் மாற்றுத்திறனாளிகள் சிலருக்கு 2011-ல் மணிக்கு 22, 38, 41 சென்ட் என்று கூலி கொடுத்ததை, தொழிலாளர் துறையின் ஆவணங்களிலிருந்தே அந்த நிகழ்ச்சி எடுத்துக் காட்டியது. அப்போது நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதே 2011-ல் குட்வில் தலைமை அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் கிப்பன்ஸ் பெற்றது, பிற்காலத்துக்கென்று ஒதுக்கிய தொகையையும் சேர்த்து, சுமார் 7,29,000 டாலர்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். வரவும் வேண்டும். ஆனால் அந்தக் கோபம் அதிகாரியின் சம்பளத்தோடு நின்றுவிட்டால் விஷயத்தின் பெரிய பகுதி கண்ணில் படாமலே போய்விடும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று நடக்கும் தொண்டு நிறுவனங்கள் அவர்களைவிட வருமானத்தை முன்னால் வைக்கின்றனவா என்று கேட்டால், இந்தப் பட்டறைகளைப் பொறுத்தவரை என் பதில் ஆம் என்பதே. அதற்குப் பேராசைக்காரர்கள் தேவைப்படவில்லை. ஒருவருக்கு வேலை கொடுப்பது, அவர் திறமையை அளப்பது, அதை வைத்துக் கூலியைத் தீர்மானிப்பது, அவர் வெளி வேலைக்குத் தயாரா இல்லையா என்று சொல்வது, இந்த நான்கும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்த நிறுவனத்தின் வரவுசெலவோ அவர் உள்ளேயே இருப்பதை நம்பி இருந்தது. நல்ல மனசோடு தொடங்கிய இடங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் என்ன ஆயின என்பதைத்தான் இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

சட்டம் திறந்துவைத்த வழி

குட்வில் கொடுத்த 22 சென்ட் சட்டவிரோதம் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரச் சட்டம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது கையெழுத்தானது. அன்றைக்கு நிர்ணயித்த கூலி மணிக்கு 25 சென்ட். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயதாலோ உடல் குறையாலோ உழைப்பு குறைந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கவும் அனுமதித்தது. இன்று அது 14(சி) என்று அழைக்கப்படுகிறது. ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்த காலம் அது. கூலியைக் குறைத்தாலாவது இவர்களை யாராவது வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று நினைத்தார்கள். 1966-ல் வந்த திருத்தம், குறைந்தபட்சக் கூலியில் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு கீழ்வரம்பு வைத்தது. அதற்கும் விதிவிலக்குகள் இருந்தன. 1986-ல் அந்தக் கீழ்வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 22 சென்ட் மட்டும் அல்ல, ஒரு சென்ட்கூட சட்டப்படி சாத்தியமாகிவிட்டது.

கூலியைக் கணக்குப் போடும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் முதலில் அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வேலைக்கு என்ன கூலி என்று சில முதலாளிகளிடம் விசாரித்து ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். அப்புறம் குறைபாடு இல்லாத ஒருவரை அந்த வேலையைச் செய்யவிட்டு நேரம் பார்க்கும். பிறகு மாற்றுத்திறனாளியைச் செய்யவிட்டு நேரம் பார்க்கும். வட்டாரக் கூலி 8 டாலர் என்றும், முதல் ஆள் ஒரு மணி நேரத்தில் 100 சட்டைகளை ஹேங்கரில் மாட்டுகிறார் என்றும், இவர் 25 மாட்டுகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இவருக்குக் கூலி 2 டாலர். மணிக்கூலிக்காரர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைத் திரும்ப நடத்த வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கணக்குதானே என்று தோன்றும். ஆனால் வட்டாரக் கூலியை விசாரிப்பது யார்? நிறுவனம். ஒப்பிட்டுப் பார்க்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது, கடிகாரத்தைப் பிடிப்பது, எந்த வேலையை எந்த மேசையில் எந்த வசதியோடு கொடுப்பது என்று முடிவு செய்வது, எல்லாமே நிறுவனம்தான். சரக்கை வாங்குகிறவரே தராசையும் பிடித்தால் எடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. குறைபாடு இல்லாத ஊழியர்களில் யாருக்கும் இந்த மாதிரி கடிகாரம் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தைத் திருத்துவதில்லை. அலுவலகத்தில் தூங்கி வழிகிறவருக்கும் குறைந்தபட்சக் கூலி உறுதியாக உண்டு.

2001-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, இந்தப் பிரிவின் கீழ் ஏறக்குறைய 4,24,000 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை வைத்திருந்த இடங்களில் பெரும்பாலானவை பன்னாட்டுக் கம்பெனிகளோ தொழிற்சாலைகளோ அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்யவென்றே தொடங்கப்பட்ட மையங்கள், அவற்றிலும் மிகப் பல லாபநோக்கற்ற அமைப்புகள். சாதாரண முதலாளிகள் இந்தச் சலுகையை அதிகம் சீண்டவே இல்லை.

குட்வில்: நன்கொடைத் துணிக்குப் பின்னால்

குட்வில்லின் தொடக்கம் 1902, பாஸ்டன் நகரம். மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் வசதியான வீடுகளிலிருந்து பழைய பொருட்களைச் சேகரித்தார். ஏழைகளையும் புதிதாகக் குடியேறியவர்களையும் வைத்து அவற்றைப் பழுதுபார்க்கச் சொன்னார். விற்று வந்த பணத்தில் அவர்களுக்குக் கூலி கொடுத்தார். 'தர்மம் அல்ல, ஒரு வாய்ப்பு' என்பது அவர்கள் முன்வைத்த வாசகம். இந்த யோசனையில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. வேலை கொடுத்துக் கூலி கொடுப்பதைவிடக் கண்ணியமான உதவி என்ன இருக்கிறது?

நூறாண்டு கழித்து அது தனித்தனியாக நிர்வகிக்கப்படும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வட்டார அமைப்புகளாக வளர்ந்து, ஆண்டுக்குச் சில நூறு கோடி டாலர் புழங்கும் சாம்ராஜ்யமாகிவிட்டது. 2013-ல் குட்வில் சொன்ன கணக்கின்படி அதன் 1,05,000 ஊழியர்களில் சுமார் 7,300 பேர் 14(சி) சான்றிதழின் கீழ், அதாவது குறைந்த கூலி கொடுக்கத் தொழிலாளர் துறை தரும் அனுமதியின் கீழ், இருந்தார்கள்.

பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு 2012-லேயே குட்வில்லைப் புறக்கணிக்கச் சொல்லி அழைப்பு விடுத்தது. அந்த ஆகஸ்டில் பல ஊர்களில் குட்வில் கடை வாசல்களில் அதன் உறுப்பினர்கள் நின்று, உள்ளே போகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்கள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொலைக்காட்சி கேமரா வருவதற்கு முன்னாலேயே மாற்றுத்திறனாளிகளின் சொந்த அமைப்பு ஒன்று தெருவில் இறங்கியிருந்தது. கேட்க ஆள் இல்லாததால் நடந்த அநியாயம் என்று இதைச் சொல்ல முடியாது. கேட்டார்கள், நடைமுறை மாறவில்லை.

என்பிசி நிகழ்ச்சியில் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த பார்வையற்ற பெண் ஒருவரின் அனுபவம் வந்தது. அவரும் துணிகளை ஹேங்கரில் மாட்டும் வேலையில் இருந்தவர். சோதனை முடிந்ததும் அவருடைய மணிக்கூலி 3.50 டாலரிலிருந்து 2.75 ஆகக் குறைக்கப்பட்டது. அவர் வேலையை விட்டுவிட்டார். அந்த முடிவில் இருக்கும் தன்மானத்தைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்குக் காசு முக்கியம் இல்லை, ஏதோ பொழுது போனால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதே நிகழ்ச்சியில் பேசிய ஜிம் கிப்பன்ஸ், இவர்களுக்கு இந்த வேலை பொதுவாகப் பிழைப்புக்கானது அல்ல, மனநிறைவுக்கானது என்ற பொருளில் பேசினார். கிப்பன்ஸும் பார்வையற்றவர், திறமையானவர், தன் உழைப்பால் மேலே வந்தவர். அவர் மனதார நம்பித்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வாதத்தை ஏற்க முடியாது. வேலையில் மனநிறைவு என்பது ஆசிரியருக்கும் உண்டு, நர்ஸுக்கும் உண்டு, ஏழு லட்சம் டாலர் வாங்கும் அதிகாரிக்கும் உண்டு. அதற்காக அவர்களில் யாருடைய சம்பளத்தையும் யாரும் குறைப்பதில்லை.

அமைப்பின் இன்னொரு வாதம், முழுக் கூலி கொடுத்தால் இவர்களை வைத்துக்கொள்ளவே முடியாது, வேலையே போய்விடும் என்பது. இதற்கு மறுப்பு குட்வில்லுக்குள்ளேயே இருந்தது. அன்றைக்கு அதன் வட்டார அமைப்புகளில் பெரும்பான்மை 14(சி) சான்றிதழைப் பயன்படுத்தவே இல்லை. அதே பெயர்ப் பலகை, அதே நன்கொடைத் துணி, அதே வியாபாரம். அங்கெல்லாம் மாற்றுத்திறனாளி ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலியாவது கிடைத்தது. கடைகள் மூடிவிடவில்லை. பெரும்பான்மை அமைப்புகளால் முடிந்தது மீதிப் பேரால் முடியாது என்றால், அதற்குக் காரணம் ஊழியரின் குறைபாடாக இருக்க முடியாது.

சம்பள விஷயத்தில் ஒமாஹா நகர குட்வில்லையும் சொல்ல வேண்டும். 2016-ல் அந்த ஊர் நாளிதழான ஒமாஹா வேர்ல்டு-ஹெரால்டு விரிவாகப் புலனாய்வு செய்து எழுதியது. அந்த வட்டார அமைப்பின் தலைவருக்கு 2014-ல் கிடைத்தது, பதவியில் தொடர்ந்து இருப்பதற்கான போனஸையும் சேர்த்து, சுமார் 9,33,000 டாலர். கடைகளில் வந்த லாபத்திலிருந்து வேலைவாய்ப்புத் திட்டங்களுக்குப் போனது மிகக் கொஞ்சம் என்றும் அந்த நாளிதழ் காட்டியது. தலைவர் கொஞ்ச நாளிலேயே விலகினார். பங்குதாரர் இல்லாத அமைப்பில் லாபம் எங்கே போகும் என்று கேட்பவர்களுக்கு ஒமாஹா ஓர் உதாரணம். சம்பளமாகப் போகலாம், புதுக் கடையாகப் போகலாம். யார் பெயரைச் சொல்லி நன்கொடை வாங்கினார்களோ அவர்களிடம் மட்டும் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பிராவிடன்ஸ்: பள்ளியிலிருந்து பட்டறைக்கு

எனக்கு இவற்றைவிட அதிகம் வலிப்பது பிராவிடன்ஸ் நிகழ்வு. அங்கே பெரிய சம்பளம் வாங்கிய அதிகாரி என்று யாரும் கதையின் நடுவில் இல்லை. சின்ன அமைப்பு, சாதாரண ஊழியர்கள், பழகிப்போன நடைமுறை. அவ்வளவுதான்.

பிராவிடன்ஸில் மவுன்ட் பிளசன்ட் உயர்நிலைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பர்ச் தொழிற்பயிற்சித் திட்டம் என்று ஒரு பிரிவு இயங்கியது. அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்கள் அங்கே 21 வயது வரை படிக்கலாம். மற்ற மாணவர்களோடு கலக்காமல் தனியாக இருந்த அந்தப் பிரிவுக்குள் ஒரு பட்டறை இருந்தது. மாணவர்கள் நகைகளை வகை பிரித்தார்கள், கோத்தார்கள், பையில் போட்டார்கள். மணிக்கு 50 சென்ட் முதல் 2 டாலர் வரை கிடைத்தது. சிலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. எவ்வளவு வேகமாகச் செய்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதற்கும் அந்தக் கூலிக்கும் சம்பந்தம் இல்லை என்று நீதித்துறை கண்டது. கணக்குப்போட்டுக் குறைக்கும் அந்த 14(சி) முறையைக்கூட அங்கே யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை.

பள்ளி முடிந்ததும் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் 'ட்ரெய்னிங் த்ரூ பிளேஸ்மென்ட்'. அங்கேயும் அதே மாதிரி கோப்பது, லேபிள் ஒட்டுவது, பொட்டலம் கட்டுவது. பள்ளியில் கற்றுக்கொடுத்ததே பட்டறை வேலையைத்தான் என்பதால், வெளியே வேறு எந்த வேலைக்கும் தயாராகாமல் அவர்கள் வெளிவந்தார்கள். வெளி வேலைக்குத் தயாராகவில்லை என்பதே அவர்களைப் பட்டறையில் வைத்திருக்கக் காரணமாகவும் சொல்லப்பட்டது.

இதற்குப் பிறகு மாநிலம் முழுவதையும் நீதித்துறை விசாரித்தபோது கிடைத்த விவரங்கள் இன்னும் கனமானவை. ரோட் ஐலண்டில் இத்தகைய பட்டறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியவர்கள். 2010-க்கும் 2012-க்கும் இடையில் பள்ளியை விட்டு வந்த இந்த இளைஞர்களில் சுமார் 5 சதவீதம் பேர்தான் மற்றவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் சாதாரண வேலைகளுக்குப் போனார்கள்.

'பயிற்சி' என்ற பெயரில்தான் இவையெல்லாம் நடந்தன. பயிற்சி என்றால் அதற்கு முடிவு இருக்க வேண்டும். மருத்துவம் படிப்பவருக்குக்கூட ஐந்தரை வருடத்தில் பட்டம் வந்துவிடுகிறது. பதினைந்து வருடம் லேபிள் ஒட்டக் கற்றுக்கொடுத்தோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது கற்றுக்கொடுக்கவில்லை, வேலை வாங்கியிருக்கிறது என்றே அர்த்தம்.

நீதித்துறை எடுத்த சட்ட வழியும் கவனிக்கத்தக்கது. அது கூலிச் சட்டத்தைப் பிடிக்கவில்லை. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும், 1999-ல் உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் வழக்கில் கொடுத்த தீர்ப்பையும் பிடித்தது. தேவையில்லாமல் ஒருவரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைப்பதே பாகுபாடுதான் என்பது அந்தத் தீர்ப்பு. முன்பு பெரும்பாலும் காப்பகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பேசப்பட்ட இந்த நியாயத்தை, பகல் முழுக்கத் தனியாக உட்காரவைத்து வேலை வாங்கும் பட்டறைக்கும் நீட்டினார்கள். தொழிலாளர் துறை தன் பங்குக்குத் தனியாகச் சோதனை நடத்தி, கூலி விதிகள் மீறப்பட்டிருப்பதைக் கண்டு, அந்தப் பட்டறையின் 14(சி) சான்றிதழை ரத்து செய்தது.

2014 ஏப்ரலில் மாநிலம் தழுவிய உடன்பாடு கையெழுத்தானது. இந்த வகையில் நாட்டிலேயே அதுதான் முதல். பத்தாண்டு காலத்தில் சுமார் 3,250 பேருக்குப் பட்டறைக்கு வெளியே வழி செய்ய வேண்டும். குறைந்தபட்சக் கூலியாவது உள்ள வேலை, வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம், மீதி நேரத்துக்கு வெளி உலகத்தோடு கலந்து பழகும் வசதி என்பவை அதன் நிபந்தனைகள்.

பணம் வரும் வழி

இந்தப் பட்டறைகள் இரண்டு வழியில் பணம் பெறுகின்றன. ஒன்று, கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தம்: இத்தனை ஆயிரம் பொட்டலம், இவ்வளவு பணம். இன்னொன்று அரசு. மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பு) போன்ற திட்டங்கள் வழியாக, ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்வதற்கும் பயிற்சி கொடுப்பதற்கும் மாநிலங்கள் தரும் சேவைக் கட்டணம். 2001 தணிக்கையில் இந்த அரசுப் பணம்தான் மையங்களின் வருமானத்தில் பெரிய பங்காக இருந்தது, ஒப்பந்த வருமானம் அதற்கு அடுத்து வந்தது.

இப்போது அங்கே நன்றாக வேலை செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேகமாகச் செய்வார், தினமும் வருவார், யாருக்கும் தொந்தரவு இல்லை. வெளியே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முழுக் கூலிக்கு வேலை பார்க்கத் தகுதியானவர் இவர்தான். ஆனால் இவர் போனால் ஒப்பந்த வேலை தேங்கும். இவருக்காக வரும் அரசுக் கட்டணமும் போகும். கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எனவே யாரை முதலில் வெளியே அனுப்ப வேண்டுமோ அவரைப் போகவிடாமல் இருப்பதுதான் பட்டறைக்கு லாபம். எந்தக் கூட்டத்திலும் யாரும் இப்படித் தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள். 'இவர் இன்னும் தயாராகவில்லை' என்று வருடாவருடம் ஒரு படிவத்தில் எழுதினால் போதும்.

நிறுவனத்தின் சுயநலம் இங்கே குறுக்கிடுகிறது என்பதை அமெரிக்க நாடாளுமன்றமே பின்னர் ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். 2014-ல் வந்த தொழிலாளர் வாய்ப்புச் சட்டத்தின் 511-ஆம் பிரிவு 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 24 வயது வரையிலான யாரையும் வெளி வேலைக்கான முயற்சிகளைச் செய்து பார்க்காமல் குறைந்த கூலிக்கு எடுக்கக்கூடாது என்றது அது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு வேலைவாய்ப்பு ஆலோசனை குறித்த இடைவெளியில் கிடைக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிவிக்கப்படும் பயிற்சி வாய்ப்புகளைத் தருபவர், அந்த ஊழியர் எங்கே வேலை செய்கிறார் என்பதில் பண ஆதாயம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்தச் சட்டத்தில் என் கண்ணுக்கு மிக அவசியமாகப் படுவது இந்தக் கடைசி விதிதான்.

ஆஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை நீதிமன்றம் ஏறியது. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிலகங்களில் கூலியைக் கணக்கிட அரசு ஆதரவோடு ஓர் அளவுகோல் இருந்தது. வேலையின் வேகத்தோடு, கேள்விகள் கேட்டுத் 'திறமை'யையும் அளந்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி பதில் முறையே பாதகமானது என்று 2012 டிசம்பரில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றுக்கொண்டு, அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. செய்கிற வேலை கையில், மதிப்பெண் போடுவது வாய்ப்பேச்சுக்கு.

பெற்றோரின் பயம்

பட்டறைகளுக்காகப் பரிந்து பேசுபவர்களில் நிர்வாகிகளைவிட எண்ணிக்கையில் அதிகமானவர்கள் பெற்றோர். அவர்களை ஒதுக்கிவிட்டு இந்த ஆய்வை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாற்பது வயது மகனை வைத்திருக்கும் எழுபது வயது அம்மாவுக்குப் பட்டறை என்பது பத்திரமான இடம். காலையில் வண்டி வருகிறது, மாலையில் கொண்டுவந்து விடுகிறது. நடுவில் அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், யாரும் கேலி செய்வதில்லை, அவனை அறிந்த ஆட்கள் கூட இருக்கிறார்கள். வெளியே வேலை என்று அனுப்பி, அந்தக் கடை மூடிவிட்டால்? மேற்பார்வையாளர் மாறிவிட்டால்? அதோடு அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை ஒன்றுக்கு, தனி ஒருவர் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது என்ற பழைய வரம்பு இன்னமும் இருக்கிறது. கூலி ஏறினால் உதவியும் மருத்துவக் காப்பும் போய்விடுமோ என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. பட்டறையை மட்டும் மூடிவிட்டு வேறு எதையும் செய்யாத ஊர்களில், ஆட்கள் வேலையும் இல்லாமல் பகல் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கவும் நேரிட்டது.

ஆனால் பெற்றோர் சொல்கிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். வண்டி, பாதுகாப்பு, நட்பு, தெரிந்த முகம். இவற்றில் எதற்கும் குறைந்த கூலி அவசியம் இல்லை. மகனுக்கு மணிக்கு ஒரு டாலர் கொடுப்பதால் வண்டி வரவில்லை. அந்த அம்மா நன்றியோடு இருக்கிறார் என்பதற்காக மகனின் உழைப்பை மலிவாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை வந்துவிடாது.

ரோட் ஐலண்டு உடன்பாடும் சுலபமாக நிறைவேறவில்லை. இலக்குகள் பின்தங்கின. ஒருவர் கடையிலோ அலுவலகத்திலோ வேலைக்குப் போக வேண்டுமென்றால், தொடக்கத்தில் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு துணைப் பணியாளர் வேண்டும். அந்தப் பணியாளர்களுக்குக் கொடுத்த சம்பளமோ ஆள் நிற்காத அளவுக்குக் குறைவு. உடன்பாட்டை மேற்பார்வையிட்ட நீதிபதி ஜான் மெக்கானல் விடாமல் அழுத்தம் கொடுத்த பிறகு, 2021-ல் மாநில அரசு அவர்களுடைய மணிக்கூலியைப் படிப்படியாக 20 டாலர் வரை உயர்த்தும் திட்டத்துக்கு இறங்கிவந்தது. ஒருவருக்கு நியாயமான வேலை வேண்டும் என்றால் அவருக்குத் துணை நிற்பவருக்கும் நியாயமான சம்பளம் வேண்டும் என்பது, ஏழு வருடம் வழக்காடித்தான் ஏற்கப்பட்டது.

இப்போதைய நிலை

வெர்மான்ட் இதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் வழக்குப் போடாமலே, 2000-களின் தொடக்கத்திலேயே அங்கே கடைசிப் பட்டறையும் மூடப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயர் 2015-ல் குறைந்த கூலியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. மேரிலாண்டு, அலாஸ்கா, ஓரிகான் என்று தொடர்ந்து, கலிபோர்னியாவும் 2021-ல் சட்டம் இயற்றி 2025 தொடக்கத்தோடு முடிவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2020-ல் 14(சி)-யை ரத்து செய்யப் பரிந்துரைத்தது. 2023-ல் வந்த தணிக்கை அறிக்கையில் இந்தப் பிரிவின் கீழ் இருப்பவர்கள் சுமார் 1,20,000 பேராகக் குறைந்திருந்தார்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் மணிக்கூலி 3.50 டாலருக்குக் கீழே.

நம் நாட்டுச் சட்டத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு ஆணையிட இடம் வைத்திருந்தது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பத்து வருடம் இளையது அது. இங்கே மெழுகுவர்த்தி, காகித உறை, பினாயில் செய்யும் தொழிற்பயிற்சி மையங்களில் மாதாமாதம் கையில் கொடுப்பதற்குக் கூலி என்ற பெயர்கூட இருப்பதில்லை, 'ஸ்டைபண்டு' என்பார்கள். அந்த மையங்களை நடத்துபவர்களில் தங்கள் வாழ்நாளையே கொடுத்தவர்கள் உண்டு. அவர்களிடம்கூட, இங்கே இருப்பவர்கள் வந்து எத்தனை வருடமாகிறது, எத்தனை பேர் வெளியே வேலைக்குப் போனார்கள், ஸ்டைபண்டை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நன்கொடை கொடுப்பவர் கேட்கலாம். பெற்றோர் கட்டாயம் கேட்கலாம்.

அமெரிக்காவில் 2024 டிசம்பரில் தொழிலாளர் துறை, புதிய சான்றிதழ்களை நிறுத்தி, பழையவற்றையும் சில ஆண்டுகளில் முடித்துவிடும் விதியை முன்மொழிந்தது. ஆட்சி மாறியதும் 2025 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆகவே தடைசெய்த மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் 1938-ஆம் ஆண்டின் அந்தப் பிரிவு இன்னமும் உயிரோடு இருக்கிறது, 1986-ல் எடுத்த கீழ்வரம்பு திரும்ப வரவில்லை. எந்தெந்த நிறுவனங்கள் சான்றிதழ் வைத்திருக்கின்றன, எந்த ஊரில், எத்தனை பேரைக் குறைந்த கூலியில் வைத்திருக்கின்றன என்ற பட்டியலைத் தொழிலாளர் துறை பொதுவில் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் தொண்டு நிறுவனங்களே.